ஒரே ஒரு மேட்ச் ஜெயிச்சு ஃபைனலுக்குப் போன டீம்! முதல் எஃப்.ஏ. கப், 1871-72

இந்த சீசன்ல கப் அடிச்ச டீம், ஃபைனல் வர்ற வரைக்கும் மொத்தமா எத்தனை மேட்ச் ஜெயிச்சிருந்தாங்க தெரியுமா? ஒண்ணே ஒண்ணு. இன்னொரு டீம் ஒரு மேட்ச் கூட ஆடாம நேரா செமி ஃபைனல்ல வந்து நின்னாங்க. ஃபைனல்ல கோல் அடிச்சவர் தன்னோட சொந்தப் பேர்லயே ஆடல. உலகத்துலயே பழமையான தேசிய அளவிலான நாக்-அவுட் ஃபுட்பால் போட்டி இப்படித்தான் தொடங்குச்சு.

வணக்கம் மக்களே! இன்னைக்கு நாம பார்க்கப் போறது இங்கிலாந்தோட எஃப்.ஏ. கப், அதுவும் முதல் சீசன். கடைசி வரைக்கும் பாருங்க. நடுவுல வர்ற ஸ்காட்லாந்து டீமோட கதைக்காகத்தான் நான் இந்த வீடியோவையே எடுத்தேன்.

(திரையில்: லண்டன், 1871)

பின்னணியை வேகமா சொல்லிடறேன். 1863-ல லண்டன்ல ஃபுட்பால் அசோசியேஷன், அதாவது எஃப்.ஏ., ஆரம்பிச்சாங்க. எட்டு வருஷம் கழிச்சும் கிளப்புகள் தங்களுக்குள்ள நட்பு ஆட்டம் மட்டும்தான் ஆடிட்டு இருந்தாங்க. லீக் கிடையாது, அது 1888-லதான் வருது. அசோசியேஷனோட செயலாளர் சார்லஸ் ஆல்காக், அப்போ வயசு 28. அவர் படிச்ச ஹாரோ பள்ளியில விடுதிகளுக்கு நடுவுல தோத்தா வெளியேறுற மாதிரி ஒரு போட்டி நடக்கும். அதையே கிளப்புகளுக்கு நடத்தினா என்னன்னு அவருக்குத் தோணுச்சு. பின்னணி அவ்வளவுதான்.

1871 ஜூலை 20. ஒரு பத்திரிகை ஆபீஸ்ல ஒரு ரூம். உள்ளே, இந்தப் போட்டியை நடத்த முடிவு பண்ணின ஏழு பேர். அந்த ஏழு பேர்ல அஞ்சு பேரை மட்டும் கவனிங்க. ஆல்காக், வாண்டரர்ஸ் கிளப்போட கேப்டன். பிரான்சிஸ் மாரிண்டின், ராயல் என்ஜினியர்ஸ்ங்கற ராணுவ டீமோட கேப்டன். மார்ட்டன் பெட்ஸ்னு ஒரு இளைஞர். ஆல்ஃப்ரெட் ஸ்டேர். கிரிஸ்டல் பேலஸ் கிளப்புல இருந்து டக்ளஸ் ஆல்போர்ட்.

இப்போ எட்டு மாசம் தள்ளி ஃபைனலுக்கு வாங்க. ஃபைனல்ல மோதின ரெண்டு டீம், வாண்டரர்ஸும் ராயல் என்ஜினியர்ஸும். அன்னைக்கு விழுந்த ஒரே கோலை அடிச்சவர், அந்த மார்ட்டன் பெட்ஸ். நடுவர், ஆல்ஃப்ரெட் ஸ்டேர். ஆல்போர்ட்டோட கிரிஸ்டல் பேலஸ் செமி ஃபைனல் வரைக்கும் வந்திருந்தாங்க. அந்த ஒரு ரூமுக்குள்ள இருந்து மொத்த சீசனும் வெளியே வந்துடுச்சு!

நம்ம ஊர்ல பொங்கலுக்கு நடக்கற டென்னிஸ் பால் டோர்னமென்ட்ல கமிட்டி மெம்பரே ஒரு டீமுக்கு கேப்டனா இருப்பார், அவரோட ஃப்ரெண்டு அம்பயரா நிப்பார், இல்லையா? அப்படியே அதுதான். இதுல எந்தத் தில்லுமுல்லும் இருந்ததா நான் சொல்ல வரல. அன்னைக்கு இந்த ஆட்டத்தை உயிரா நினைச்சவங்க அவ்வளவு பேர்தான் இருந்தாங்க. அவங்களே விதி எழுதினாங்க, அவங்களே இறங்கி ஆடினாங்க. எனக்கு அவங்க மேல பெரிய மரியாதை இருக்கு.

(திரையில்: 15 அணிகளின் பட்டியல்)

அசோசியேஷன்ல அப்போ 50 கிளப் இருந்துச்சு. கப்புக்குப் பேர் கொடுத்தது 15 தான். பெரும்பாலும் லண்டனும் அதைச் சுத்தின ஊர்களும். தூரத்துல இருந்து வந்தது ரெண்டே ரெண்டு: லிங்கன்ஷயர்ல இருந்து டோனிங்டன் ஸ்கூல், ஸ்காட்லாந்தோட கிளாஸ்கோவுல இருந்து குவீன்ஸ் பார்க்.

முதல் சுற்றுல நிஜமா நடந்தது நாலே மேட்ச். நாலும் ஒரே நாள்ல, 1871 நவம்பர் 11. கிளாபம் ரோவர்ஸோட ஜார்விஸ் கென்ரிக் அன்னைக்கு அடிச்சதுதான் எஃப்.ஏ. கப் வரலாற்றுலயே முதல் கோல். மத்த ஜோடிகள்ல எதிரணி வரல, இல்லன்னா தேதி ஒத்து வரல.

வாண்டரர்ஸ் எப்படி முன்னேறினாங்கன்னு பாருங்க. முதல் சுற்றுல எதிரணி ஹாரோ செக்கர்ஸ் விலகிட்டாங்க, வாக் ஓவர். ரெண்டாவது சுற்றுல கிளாபம் ரோவர்ஸைத் தோற்கடிச்சாங்க. காலிறுதியில கிரிஸ்டல் பேலஸோட 0-0. டிரா ஆனா மறுபடி ஆட வைக்கவும் செய்யலாம், ரெண்டு டீமையும் மேல அனுப்பவும் செய்யலாம்னு விதியில கமிட்டிக்கு அதிகாரம் இருந்துச்சு. அந்தச் சுற்றுல மிச்சம் இருந்ததே அஞ்சு டீம். ரெண்டையும் அனுப்பினா செமி ஃபைனலுக்குச் சரியா நாலு வந்துடும். அனுப்பிட்டாங்க!

அந்த 1861-ல தொடங்கின கிளப்போட வாரிசு நாங்கதான்னு இன்னைய கிரிஸ்டல் பேலஸ் சொல்லிக்கறாங்க. அதை ஏத்துக்கிட்டா, முதல் சீசன்லயே செமி ஃபைனல் ஆடின அவங்க கப்பைக் கையில எடுத்தது 2025-ல, மான்செஸ்டர் சிட்டியை 1-0னு தோற்கடிச்சு. 153 வருஷக் காத்திருப்பு!

சரி, இப்போ நான் சொன்ன அந்த ஸ்காட்லாந்து டீம்.

குவீன்ஸ் பார்க், 1867-ல ஆரம்பிச்ச கிளப். அந்தக் கிளப்போட ஒரு வருஷ வருமானமே சில பவுண்டுதான். அதுல இருந்து ஒரு கினி, அதாவது ஒரு பவுண்டு ஒரு ஷில்லிங், எடுத்து கோப்பை வாங்கற செலவுக்குக் கொடுத்தாங்க. கோப்பையோட விலை 20 பவுண்டு. முதல் சுற்றுல டோனிங்டன் ஸ்கூலோட ஆடணும், தேதி ஒத்து வரல, ரெண்டு பேரையும் அடுத்த சுற்றுக்கு அனுப்பினாங்க. அடுத்த சுற்றுலயும் அதே ஜோடி! இந்தத் தடவை டோனிங்டன் விலகிட்டாங்க. காலிறுதியில இவங்களுக்கு ‘பை’ (bye), அதாவது ஆடாமலேயே அடுத்த சுற்று. ஒரு பந்தைக் கூட உதைக்காம செமி ஃபைனல்.

ஆனா செமி ஃபைனல் லண்டன்ல. கிளாஸ்கோவுல இருந்து சுமார் 650 கிலோமீட்டர் ரயில். ஆடறவங்க யாருக்கும் சம்பளம் கிடையாது, எல்லாரும் வேலைக்குப் போறவங்க. ஊர்ல பணம் வசூல் பண்ணித்தான் டிக்கெட் எடுத்தாங்க. 1872 மார்ச்ல வந்து, கென்னிங்டன் ஓவல் மைதானத்துல, இங்கிலாந்தோட பலமான டீமான வாண்டரர்ஸை எதிர்த்து ஆடி 0-0னு நிறுத்தினாங்க.

அப்போ இங்கிலாந்துல ஆட்டம்னா டிரிபிளிங்தான். பந்து கிடைச்சவர் தலையைக் குனிஞ்சு ஓடுவார், மத்தவங்க பின்னாடி ஓடுவாங்க, தவறினா அடுத்தவர் எடுத்துக்குவார். பந்தை ஒருத்தருக்கொருத்தர் தட்டிக் கொடுத்து ஆடற பாஸிங் ஆட்டத்தை வளர்த்த முன்னோடிகள்ல குவீன்ஸ் பார்க்குக்குப் பெரிய இடம் இருக்கு.

டிரா ஆச்சே, மறுபடி ஆடணுமே? ரீப்ளே வரைக்கும் லண்டன்ல தங்கவோ, ஊருக்குப் போய்த் திரும்பி வரவோ அவங்ககிட்ட காசு இல்ல. போட்டியில இருந்து விலகி ஊருக்குக் கிளம்பிட்டாங்க. தோக்கல மக்களே. ஒரு கோல் கூட வாங்கல. ரயில் செலவுக்குப் பணம் இல்லாம வெளியே போனாங்க. வாண்டரர்ஸ் ஃபைனலுக்குப் போனாங்க.

என்னோட கருத்தை நேராவே சொல்றேன்: முதல் எஃப்.ஏ. கப்போட முடிவை எழுதினதுல ரயில் கட்டணத்துக்கும் பங்கு இருக்கு. அந்த டீம் இன்னொரு வாரம் லண்டன்ல தங்க முடிஞ்சிருந்தா கோப்பையில முதல் பேரே மாறியிருக்கலாம். செமி ஃபைனலுக்கு வந்த நாலு டீம்ல, அந்த ஜூலை மாச ரூம்ல ஆள் இல்லாத ஒரே டீமும் இவங்கதான். அப்புறம் 1884, 1885 ரெண்டு வருஷமும் ஃபைனலுக்கு வந்தாங்க, ரெண்டு தடவையும் பிளாக்பர்ன் ரோவர்ஸ்கிட்ட தோத்தாங்க. கப் கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்ல. ஆனா 1872 நவம்பர் 30, கிளாஸ்கோவுல ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஆடின உலகத்தோட முதல் அதிகாரபூர்வ சர்வதேச ஆட்டத்துல ஸ்காட்லாந்துக்காக இறங்கின பதினோரு பேரும் குவீன்ஸ் பார்க் ஆளுங்கதான். பதினோரு பேரும்! காசு வாங்காம ஆடற கொள்கையை இந்தக் கிளப் 2019 வரைக்கும் விடல. இதுக்கு ஒரு லைக் போடலாம்னு தோணினா போட்டுட்டு வாங்க.

(திரையில்: கென்னிங்டன் ஓவல், 1872 மார்ச் 16)

ஃபைனல். கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஓவல்னா சொல்லவே வேண்டாம். 1971-ல நம்ம வெங்கட்ராகவனும் ஆடின இந்திய டீம் இங்கிலாந்து மண்ணுல முதல் டெஸ்ட் ஜெயிச்சது அதே மைதானத்துலதான். 1872-ல அங்கே சுமார் 2,000 பேர், டிக்கெட் ஒரு ஷில்லிங். கோல் கம்பத்துக்கு மேல குறுக்குக் கட்டை கிடையாது, ஒரு நாடா கட்டியிருப்பாங்க. வலை கிடையாது. பெனால்டி கிடையாது. ஒரு கோல் விழுந்தா உடனே ரெண்டு டீமும் பக்கம் மாறணும். வாண்டரர்ஸ்ல எட்டு பேர் ஃபார்வர்ட், என்ஜினியர்ஸ்ல ஏழு பேர்.

ஜெயிப்பாங்கன்னு எல்லாரும் நினைச்சது என்ஜினியர்ஸை. ஆனா பத்து நிமிஷம் வாக்குல அவங்க ஆள் லெப்டினன்ட் எட்மண்ட் கிரெஸ்வெல்லுக்குத் தோள்பட்டைக் காறையெலும்பு முறிஞ்சுது. மாத்து ஆட்டக்காரர்ங்கற வழக்கமே அப்போ இல்ல. மனுஷன் வெளியே போக மாட்டேன்னு சொல்லி, ஓரத்துக்கு நகர்ந்து, மிச்ச எண்பது நிமிஷமும் உடைஞ்ச எலும்போட ஆடினார். அந்த ஃபைனலோட நாயகன் யாருன்னு என்னைக் கேட்டா, கிரெஸ்வெல்னுதான் சொல்லுவேன்.

பதினஞ்சாவது நிமிஷம் வாக்குல வாண்டரர்ஸோட ராபர்ட் வைடல் பந்தை இழுத்துட்டு ஓடி வந்து கொடுக்க, ஓரத்துல இருந்து பெட்ஸ் கோல் அடிச்சார். அணிப் பட்டியல்ல அவர் பேர் ‘ஏ. எச். செக்கர்’. அதாவது, ஹாரோ செக்கர்ஸ் கிளப் ஆள். முதல் சுற்றுல வாண்டரர்ஸுக்கு எதிரா ஆட வராம விலகினாங்களே, அதே கிளப்! ஆல்காக்கும் ஒரு கோல் அடிச்சார், அதுக்கு முன்னாடி ஒரு வாண்டரர்ஸ் வீரர் கையில பந்து பட்டதால அது செல்லல. 1-0. வாண்டரர்ஸுக்குக் கப்.

கப்பை அன்னைக்கே கொடுக்கல. ஏப்ரல் 11-ம் தேதி ஒரு ரெஸ்டாரன்ட்ல விருந்து வெச்சுக் கொடுத்தாங்க. அடுத்த சீசன்ல இன்னும் ஒரு வேடிக்கையான விதி: கப் வெச்சிருக்கறவங்க நேரா ஃபைனல்ல இறங்கினா போதும். வாண்டரர்ஸ் ஒரே மேட்ச் ஆடி மறுபடியும் ஜெயிச்சாங்க. முதல் ஏழு வருஷத்துல அஞ்சு கப் அவங்களுக்குத்தான்.

அந்த 20 பவுண்டு வெள்ளிக் கோப்பை எங்கேன்னு கேக்கறீங்களா? 1895-ல ஆஸ்டன் வில்லா ஜெயிச்சு, பர்மிங்காம்ல ஒரு கடையோட ஷோ கேஸ்ல வெச்சிருந்தாங்க. செப்டம்பர் 11 ராத்திரி திருடு போச்சு. இன்னைக்கு வரைக்கும் கிடைக்கல. அசோசியேஷன் வில்லாவுக்கு 25 பவுண்டு அபராதம் போட்டு, அதே அச்சுல புதுசா ஒண்ணு செஞ்சுக்கிட்டாங்க.

குவீன்ஸ் பார்க் அந்த ரீப்ளே ஆடியிருந்தா யார் ஜெயிச்சிருப்பாங்க? உங்க பதிலைக் கமெண்ட்ல போடுங்க, எல்லாத்தையும் படிக்கறேன்.