பாய்வது கடைசி வேலை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கால்பந்தில் கோல்கீப்பர் என்றதும் நம் கண்ணுக்கு முன்னால் வருவது ஒரே காட்சிதான். ஆள் அந்தரத்தில் பறக்கிறார், விரல் நுனியால் பந்தைத் தட்டிவிடுகிறார், மைதானமே எழுந்து நிற்கிறது. அழகான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் பாய்வது கோல்கீப்பரின் கடைசி வேலை. முதல் வேலை, சரியான இடத்தில் நிற்பது. இரண்டாவது, வாய் ஓயாமல் பேசுவது. இந்த இரண்டும் ஒழுங்காக நடந்தால் பாதி நேரம் பாயவே தேவையிருக்காது. இதற்கு என்னிடம் உள்ள சாட்சி ஒருவர்தான்: பெட்ர் செக். செக் குடியரசுக்காரர். அவர் பெயரான செக் என்பதற்கே அந்த மொழியில் செக் நாட்டு மனிதர் என்றுதான் பொருள். பெயரிலேயே நாட்டைச் சுமந்துகொண்டு பதினேழு ஆண்டுகள் வெளிநாட்டில் கோல் காத்தவர்.

1982-இல் பில்சென் நகரத்தில் பிறந்தார். 17 வயதில் பிளஷானி என்ற சின்னஞ்சிறு ஊரின் அணிக்காக முதல் டிவிஷனில் இறங்கினார். பீர் தயாரிப்பில் கசப்புச் சுவைக்காகச் சேர்க்கும் ஹாப் பயிர் விளைகிற பகுதி அது. அணியின் பெயரிலேயே அந்தப் பயிரின் பெயர் இருந்தது. அங்கிருந்து ஸ்பார்டா பிராகா. 2002-இல் பிரான்ஸின் ரென் அணி. 2004-இல் லண்டன், செல்சி.

ரென் நகரத்தில் அவர் கழித்த இரண்டு ஆண்டுகளைப் பலரும் ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். நான் தாண்டமாட்டேன். கோல்கீப்பருக்கு வெளிநாடு என்றால் முதல் சிக்கல் குளிரோ சாப்பாடோ இல்லை, மொழி. முன்வரிசை ஆட்டக்காரர் நாலு வார்த்தை தெரியாமலேகூட கோல் போட்டுவிடலாம். கோல்கீப்பர் என்ன செய்வார்? மைதானம் முழுவதையும் முகத்துக்கு நேராகப் பார்க்கிற ஒரே ஆள் அவர்தான். எதிராளி பின்னால் வருகிறான், வெளியே ஏறு, விடு பந்து எனக்கு என்பதையெல்லாம் அரை நொடிக்குள் சொல்ல வேண்டும். மனதுக்குள் மொழிபெயர்த்துச் சொல்வதற்குள் பந்து வலைக்குள் கிடக்கும். செக் பிரெஞ்சு கற்றார், ஆங்கிலம் கற்றார், ஜெர்மனும் ஸ்பானிஷும் பேசினார். பின்வரிசை ஆட்டக்காரரிடம் அவரவர் மொழியிலேயே பேசுவார் என்று அவரைப் பற்றிச் சொல்வது அதனால்தான். ரென்னில் அவருக்குக் கிடைத்த இன்னொரு சொத்து, கோல்கீப்பர் பயிற்சியாளர் கிறிஸ்டோஃப் லொலிஷோன். பின்னாளில் அவரும் செல்சிக்கு வந்து சேர்ந்தார்.

சரி, நிற்பதைப் பற்றிச் சொல்கிறேன். கோல் கம்பங்களுக்கு இடையே 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். செக்கின் உயரம் 1.96. கையை எவ்வளவு நீட்டினாலும் இரண்டு பக்கமும் மிச்சம் இருக்கும். வீட்டில் ஓர் அறைக்குள் நின்று திறந்த வாசலைப் பாருங்கள். வாசற்படியில் ஒருவர் நின்றால் அவருக்கு இரண்டு பக்கமும் வெளிச்சம் தெரியும். அதே ஆள் உங்களை நோக்கி நாலு எட்டு வைத்து வந்தால் வாசல் அவருக்குப் பின்னால் மறைந்தே போகும். பந்து உதைப்பவனுக்கும் இதே கதைதான். கோல்கீப்பர் முன்னால் வர வர, கோல் சுருங்குகிறது. அளவு தப்பி ரொம்ப முன்னால் வந்துவிட்டால் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுவிடுவான். எதிராளி காலை வீசும் நேரத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் கெடுதல், எடை ஒரு காலில் இருக்கும், மறுபக்கம் போக முடியாது. உதைக்கும் அந்தக் கணத்தில் இரண்டு பாதமும் தரையில், முழங்கால் லேசாக மடிந்து, கைகள் இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும்.

இதை ஆண்டு முழுக்கச் செய்தால் என்ன ஆகும்? 2004-05 பிரீமியர் லீக்கில், அதாவது இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கில், 38 ஆட்டங்களில் செல்சி வாங்கிய கோல் மொத்தமே 15. செக் மட்டும் 24 ஆட்டங்களில் கோல் விடவில்லை. டிசம்பரில் ஆர்சனலிடம் வாங்கிய கோலுக்குப் பிறகு 2005 மார்ச்சில் நாரிச் அணியின் லியோன் மெக்கென்சி தலையால் முட்டிப் போடும் வரை 1,025 நிமிடங்கள் லீக்கில் அவரைத் தாண்டி ஒரு பந்தும் போகவில்லை. அந்த ஆட்டங்களைத் திரும்பப் பார்த்தால் பறக்கிற காட்சி அதிகம் கிடைக்காது. பந்து அவர் நெஞ்சுக்கே வந்துகொண்டிருக்கும். அதிர்ஷ்டம் என்று நினைப்போம். பாய்வது கடைசி வேலை, நேயர்களே.

இப்போது 2006 அக்டோபர் 14-க்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ரெடிங் நகரின் மடேஜ்ஸ்கி மைதானம். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கோலுக்கு முன்னால் கோடு போட்ட பெட்டிக்குள் ஓடி வரும் பந்து, கோல்கீப்பருக்கே உரிய பந்து. செக் சரிந்து அதை அணைத்துவிட்டார். துரத்தி வந்த ரெடிங் ஆட்டக்காரர் ஸ்டீஃபன் ஹன்ட்டின் முழங்கால் அவர் தலையில் மோதியது. மண்டை ஓடு உட்பக்கமாக அமுங்கி உடைந்தது. அன்றிரவே ஆக்ஸ்ஃபோர்டில் அறுவை சிகிச்சை, உலோகத் தகடுகள் வைத்தார்கள். அதே ஆட்டத்தில் மாற்று கோல்கீப்பர் குடிச்சினியும் காற்றில் மோதி நினைவிழந்தார். கடைசி நிமிடங்களில் கோல் காத்தது யார் தெரியுமா? பின்வரிசைக்காரர் ஜான் டெர்ரி, கோல்கீப்பர் சட்டையை மாட்டிக்கொண்டு. செல்சி 1-0 என்று ஜெயித்தது. அன்றைக்கு யாருக்கும் அது பெரிதாகத் தோன்றியிருக்காது.

காலடியில் சரிவது ஏன் இத்தனை ஆபத்து? கோல்கீப்பர் நின்றபடி குனிந்து எடுத்தால் தலைதான் முதலில் போகும். அதனால் பக்கவாட்டில் படுக்கச் சொல்லித் தருவார்கள்: கை முதலில், பந்துக்குப் பின்னால் இரண்டு உள்ளங்கை, உடம்பு நீளவாக்கில் ஒரு சுவராக, தலை கைகளுக்குப் பின்னால். எல்லாம் சரியாகச் செய்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. ஓடி வருபவனுக்கு நிற்க இடம் வேண்டும், அவன் முழங்காலும் படுத்திருப்பவர் தலையும் ஏறத்தாழ ஒரே உயரம். பந்தைப் பிடித்துவிட்டோம் என்று கோல்கீப்பரின் உடம்பு தளர்கிற கணம் அது. அடியும் அப்போதுதான் விழுகிறது.

மைதானத்துக்குப் போகிறவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். தலையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். கழுத்தை அசைக்காதீர்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சு வருகிறதா என்று பாருங்கள், தலையை இருந்த நிலையிலேயே இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். எழுந்து நின்று 'நான் நல்லா இருக்கேன்' என்று அவரே சொன்னாலும் அன்றைக்கு அவர் திரும்ப ஆடக் கூடாது. செக்கின் விபத்துக்குப் பிறகு வீரர்களுக்கான மருத்துவ ஏற்பாடு பற்றி இங்கிலாந்தில் பெரிய விவாதம் எழுந்தது, ஆட்டக்காரர்களுக்கென்று தனி ஆம்புலன்ஸ் வேண்டும் என்ற விதி வந்தது. தலையில் அடிபட்டவருக்காகத் தனியாக ஒரு கூடுதல் மாற்று வீரரை இறக்கலாம் என்ற ஏற்பாடு அங்கே 2021-இல்தான் சோதனையாக வந்தது. அத்தனை தாமதம் ஏன் என்று எனக்கு இன்றும் கோபம்தான்.

98 நாள் கழித்து, 2007 ஜனவரி 20, லிவர்பூலில் செக் திரும்ப வந்தார். தலையில் கறுப்புத் தொப்பி. ரக்பி ஆட்டக்காரர்கள் அணிகிற மென்மையான நுரைக் கவசம். அன்று செல்சி 0-2 என்று தோற்றது. ஆனால் அந்தத் தொப்பி அவரோடு கடைசி ஆட்டம் வரை இருந்தது. பலர் நினைப்பதுபோல் அது மூளை அதிர்ச்சியைத் தடுத்துவிடாது. மூளை மண்டைக்குள்ளே குலுங்குவதை வெளியே ஒட்டிய நுரை எப்படி நிறுத்தும்? அதன் வேலை வேறு. கம்பமோ முழங்கையோ பழைய முறிவின் மேல் பட்டால் அந்த அடியை ஓர் இடத்தில் குவியவிடாமல் பரப்பிவிடும். இவ்வகைக் கவசத்தில் காது இருக்கும் இடத்தில் துளைகள் உண்டு. கோல்கீப்பருக்குக் கேட்கவும் வேண்டும், பேசவும் வேண்டுமே!

நேரம் ஓடுகிறது. மியூனிக் நகரத்தை விட்டுவிட முடியாது. 2012 மே 19, ஐரோப்பிய கிளப் அணிகளின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக்கின் இறுதி, எதிரணி பயெர்னின் சொந்த மைதானம். 83-ஆவது நிமிடம் பயெர்னின் முல்லர் கோல், 88-இல் கார்னரிலிருந்து செல்சியின் ட்ரோக்பா தலையால் முட்டிச் சமன். கூடுதல் நேரத்தில் பயெர்னுக்குப் பெனால்டி. அடிக்க வந்தவர் ஆர்யன் ராபன், செல்சியில் செக்கோடு மூன்று ஆண்டு ஆடியவர். பெனால்டியில் பந்துக்கும் கோட்டுக்கும் 11 மீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டரில் வந்தால் 0.44 நொடி. பந்தைப் பார்த்த பிறகு கிளம்பினால் மூலைக்குப் போய்ச் சேர முடியாது. அதனால்தான் படிப்பு: முன்னரே பழைய பெனால்டிகளைப் பார்த்து வைப்பது, ஓடி வரும் கோணம், ஊன்றுகிற பாதம் எங்கே நோக்குகிறது, இடுப்பு எந்தப் பக்கம் திறக்கிறது. ஊன்றும் பாதம் தரையில் பதிகிற வரை அசையாமல் நிற்க வேண்டும். முன்கூட்டியே சாய்ந்தால் மறுபக்கம் தட்டிவிடுவார்கள்.

ராபன் அடித்ததைத் தடுத்து அணைத்துவிட்டார். பிறகு பெனால்டி வரிசை: பயெர்ன் பக்கம் லாம், கோமெஸ், நொயர் மூவரும் போட்டார்கள். ஒலிச் அடித்ததைச் செக் தடுத்தார். ஷ்வைன்ஸ்டைகர் அடித்த பந்து செக்கின் விரலில் பட்டுக் கம்பத்தில் மோதியது. ட்ரோக்பா போட்டதும் கோப்பை. ராபனையும் சேர்த்து ஆறு பெனால்டி, ஆறிலும் சரியான பக்கமே போனார். மறுநாள் அவருக்கு முப்பது வயது.

தோல்விகளும் உண்டு. 2008 யூரோ, அதாவது ஐரோப்பிய நாடுகளுக்கிடையேயான கோப்பை, ஜெனீவா, துருக்கிக்கு எதிராக 2-1 என்று முன்னணி. 87-ஆவது நிமிடம் பக்கவாட்டிலிருந்து வந்த பந்து கையிலிருந்து நழுவி நிஹாத்தின் காலடியில் விழுந்தது. சமன். சற்று நேரத்தில் நிஹாத்தே மூன்றாவதையும் போட்டார், செக் அணி வீட்டுக்குப் போனது. நாட்டுக்காக 124 ஆட்டங்கள் ஆடியவர், அந்நாட்டில் அது சாதனை. ஆனால் அந்த ஒரு நழுவலைத்தான் ஊர் ஞாபகம் வைத்திருக்கிறது.

நிலையத்தார் கை காட்டுகிறார்கள். ஆர்சனல் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், இரண்டு வரி மட்டும். 2015-இல் அங்கே போனார். 2018 மார்ச்சில் வாட்ஃபோர்டுக்கு எதிராக டிராய் டீனியின் பெனால்டியைத் தடுத்தார். ஆர்சனலுக்காக அவர் தடுத்த முதல் பெனால்டி அது, பிரீமியர் லீக்கில் கோல் வாங்காத 200-ஆவது ஆட்டமும் அதுவே. 202-இல் முடித்தார். 2019 மே மாதம் அஜர்பைஜானின் பாக்கு நகரில், பழைய செல்சியிடமே 1-4 என்று தோற்று விடைபெற்றார்.

அதே ஆண்டு அக்டோபரில் கில்ஃபோர்ட் ஃபீனிக்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணிக்காகக் கோலில் நின்றார். அங்கே கோல் ஆறடி அகலம், நாலடி உயரம். பறக்க இடமே இல்லை, கோணத்தை அடைத்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. முதல் ஆட்டமே பெனால்டி வரை போனது, இரண்டைத் தடுத்தார், ஆட்ட நாயகன் ஆனார். தலையில் கவசம் அங்கே எல்லோருக்கும் உண்டு.

வணக்கம்.