பருப்பு அவிஞ்சால் காணுமோ? நுரைச்சோலைக் கிணறு பற்றி ஒரு சந்தேகம்

வணக்கம். இண்டைக்கு ஒரே ஒரு கேள்விதான். வாசிச்ச நேரத்தில இருந்து மண்டைக்குள்ள நிண்டு குடையுது. சங்கானையில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. அவவின்ர தமையன் புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலைப் பக்கம் காணி குத்தகைக்கு எடுத்து வெங்காயம் செய்யிறாராம். நிலக்கரி மின் நிலையம் கிட்டத்தான். கிணத்துத் தண்ணி தெளிவு, மணமில்லை, பருப்பு நல்லா அவியுது, சவுக்காரம் நுரைக்குது, தேத்தண்ணி கறுக்கேல்லை. "அம்மம்மா சொல்லித்தந்த சோதனை எல்லாம் பாஸ், பிறகேன் ஆய்வுகூடத்துக்குக் காசு?" எண்டு கேக்கிறா.

அம்மம்மாவைக் குறைச்சு நினைக்காதேங்கோ. பருப்பு அவியாட்டித் தண்ணியில கல்சியம் கூட. தேத்தண்ணி கறுத்தால் இரும்பு இருக்குது, அது சாயத்தோட சேர்ந்து கறுக்கிறது. எங்கட யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் மண்ணில கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியுறதைப் பாத்துப் பாத்து உண்டான அறிவு அது. எங்கட நிலாவரைக் கிணத்தைப் பற்றி முந்தி ஒருக்கா சொன்னன், மேல நல்ல தண்ணி, கீழ உப்பு எண்டு. அதைச் சனம் நாக்காலதான் கண்டுபிடிச்சது. தண்ணி தெளிய வைக்கிற தேற்றாங்கொட்டையும் அப்பிடித்தான். குடத்துக்குள்ள உரைச்சு விட்டால் கலங்கலைத் திரட்டி அடியில இறக்கிப்போடும். ஆனால் கலங்கலைத்தான். கரைஞ்சு கிடக்கிறதை இல்லை.

பிரச்சினை அங்கதான். நிலக்கரி எரிஞ்சு போக, கல்லுக்குள்ள இருந்த ஆசனிக், செலீனியம், போரன் எல்லாம் சாம்பலில மிஞ்சுது. சாம்பல் மேட்டில மழை விழுந்து, அடியில சரியான தடுப்பு இல்லையெண்டால் அது கரைஞ்சு கீழ இறங்கும். நுரைச்சோலை மணல் தரை, இன்னும் சுகமா இறங்கும். ஆசனிக்குக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில மின் நிலையத்துக்குப் பக்கத்துக் கிணறுகளுக்குள்ள எண்ணெய் வந்ததை முதல்ல மூக்குத்தான் சொன்னது. சாம்பல் தண்ணி அப்பிடி மூக்குக்குச் சொல்லாது.

காய்ச்சிக் குடிச்சால் சரிதானே எண்டும் கேப்பியள். காய்ச்சினால் கிருமி சாகும். ஆசனிக் போகாது, தண்ணி ஆவியாக ஆக இன்னும் செறியும்.

ஒருத்தர் ரீடிஎஸ் பேனை ஒண்டை, அதுதான் தண்ணியில கரைஞ்சு கிடக்கிறது மொத்தம் எவ்வளவு எண்டு லீற்றருக்கு மில்லிகிராமில காட்டுற கருவி, வாங்கிக்கொண்டு வந்து, என்ர கிணத்துக்குள்ளயும் விட்டுப் பாத்து, "அண்ணை, 500, பயமில்லை" எண்டார். பாருங்கோ, ஆசனிக்குக்கு உலக சுகாதார நிறுவனமும் எங்கட குடிதண்ணித் தரம் எஸ்எல்எஸ் 614 உம் வைச்ச எல்லை லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். அதுக்கு இரண்டு மடங்கு இருந்தாலும் 500 எண்டது 500.02 ஆகும். பேனை 500 எண்டுதான் காட்டும். அரிசி லொறியை நிறுக்கிற தராசில மூக்குத்தி நிறுக்கிற வேலை. அவர் கோவிச்சுக்கொண்டு போட்டார், அது வேற கதை.

அப்ப ஆய்வுகூடம் வேணும். ஆனால் "தண்ணியைச் சோதியுங்கோ" எண்டு மட்டும் சொன்னால் பிஎச், உப்பு, நைத்திரேற்று, கிருமி பாத்துத் தருவினம். நைத்திரேற்றுக் கூடினால் அது அனேகமா வெங்காயத் தோட்டத்துப் பசளை, மின் நிலையத்தில பழி போடாதேங்கோ. ஆசனிக், செலீனியம், பாதரசம், போரன், சல்பேற்று எண்டு பேர் சொல்லிக் கேளுங்கோ. போரனும் சல்பேற்றும் மண்ணில அவ்வளவா ஒட்டாமல் தண்ணியோட ஓடிவரும், அதால முன்னுக்குத் தெரியிறது அதுகள்தான். ஒரு சிக்கல் இருக்குது: கடல் தண்ணியிலயும் இரண்டும் இருக்குது, போரன் மட்டும் லீற்றருக்கு நாலு மில்லிகிராமுக்கு மேல. அதால குளோரைட்டையும் சேத்துப் பாக்க வேணும். மூண்டும் சேந்து ஏறினால் கடல் உள்ளுக்கு வருது. குளோரைட்டு ஏறாமல் மற்ற இரண்டும் ஏறினால் சாம்பலைச் சந்தேகிக்கலாம். போத்திலை ஆய்வுகூடத்திலயே வாங்குங்கோ. உலோகம் பாக்கிற போத்திலுக்கு அமிலம் விடவேணும், இல்லாட்டி உலோகம் போத்தில் சுவரில ஒட்டிப்போடும். சோடாப் போத்திலில கொண்டு போகாதேங்கோ.

தங்கச்சி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேற எண்டு எனக்குப் படுது. தண்ணி நல்லதோ எண்டதை விட, முந்தி எப்பிடி இருந்தது? அந்த மின் நிலையம் 2011 இல தொடங்கினது, இப்ப 300 மெகாவாற்றில மூண்டு இயந்திரம். 2010 இல அந்தக் கிணத்தை ஆரும் அளந்து வைச்சிருந்தால் இண்டைக்குக் கதை இரண்டு வரியில முடிஞ்சிடும். நான் திரும்பத் திரும்பச் சொல்லுறன், கேட்டுக் கேட்டு அலுத்திருக்கும் உங்களுக்கு: முதல் அளவு இல்லாட்டிப் பிந்தின அளவு அரைக்கதை. சுன்னாகத்திலயும் எண்ணெய் எப்ப வந்தது, எங்க இருந்து வந்தது எண்டுதான் இழுபறி. 2019 இல உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு குடுக்கச் சொல்லுற வரைக்கும் இழுபட்டது. அம்மம்மாவுக்கு ஒரே கிணறு, ஒவ்வொரு நாளும் ருசி. மாறினால் உடனே தெரியும். அவவின்ர பலம் நாக்கு இல்லை, விடாமல் பாத்தது.

அதால தமையனிட்டைச் சொல்லுங்கோ, தன்ர கிணறு ஒண்டு, மின் நிலையத்துக்குத் தூரத்தில, நிலத்தடித் தண்ணி அதைக் கடந்து வராத பக்கத்தில இன்னொண்டு, இரண்டிலயும் ஒரே நாள் எடுக்கச் சொல்லி. மோட்டரைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு எடுக்க வேணும். மாரிக்கு முன்னம் ஒருக்கா, பிறகு ஒருக்கா. ரிப்போட் வந்தால் குளோரைட்டு, சல்பேற்று, போரன் மூண்டையும் எழுதி அனுப்புங்கோ, எடுத்த திகதியையும் மறக்காமல் போடுங்கோ.