மினிமேப்பை அணைச்சிட்டு ஓப்பன் வேர்ல்ட் கேம் ஆடுறது எப்படி? எதை முதல்ல அணைக்கணும், எதை விட்டு வைக்கணும்?

வணக்கம் மக்களே. ராம்நாடு, கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம்னு நம்ம கரையில இருந்து பாக்குறவங்களுக்கும், துபாய், கத்தார்ல ரூம்ல உக்காந்து பாக்குற நம்ம ஊர்க்காரங்களுக்கும் வணக்கம். இன்னைக்கு ஹட்டைப் பத்திப் பேசப் போறோம். மூலையில இருக்கிற சின்ன மேப்பான மினிமேப், மேல ஓடுற காம்பஸ் பட்டை, எங்க போகணும்னு காட்டுற மிஷன் மார்க்கர், ஹெல்த் பார், அடிச்சா பறக்குற நம்பர், இப்படி கேம் படத்துக்கு மேல ஒட்டியிருக்கிற எல்லாத்துக்கும் சேத்துத்தான் ஹட்னு பேரு. இதைக் குறைச்சிட்டு ஓப்பன் வேர்ல்ட் கேம், அதாவது பெரிய உலகத்துல இஷ்டத்துக்குச் சுத்துற கேம், எப்படி ஆடுறது, அதுதான் வீடியோ.

நிறைய பேர் செட்டிங்ஸுக்குள்ள போனதுமே எல்லாத்தையும் ஒரே நேரத்துல ஆஃப் பண்ணிடுறாங்க. கொஞ்ச நேரம் அங்கிட்டும் இங்கிட்டும் சுத்துறாங்க, மிஷன் எங்கன்னு பிடிபடல, நாலு தடவை சாவுறாங்க, திரும்ப எல்லாத்தையும் ஆன் பண்ணிடுறாங்க. ஆடுறவங்களைக் குறை சொல்ல முடியாது. ஹட்ல இருக்கிற தகவல் அந்த உலகத்துக்குள்ளயும் வேற ஏதாவது ஒரு விதத்துல இருந்தாத்தான் அதை அணைக்கலாம். அது கேமுக்கு கேம் மாறும்.

உதாரணம் சொல்றேன். 2002ல வந்த மாரோவிண்ட்ல மிஷன் மார்க்கரே கிடையாது. அதனால ஆளுங்க வழி சொல்லுவாங்க: இந்த ஊரைத் தாண்டு, பாலத்துக்கிட்ட திரும்பு, மலையை ஒட்டிப் போன்னு. அதெல்லாம் ஜர்னல்லயும் எழுதியிருக்கும். அதே கம்பெனி 2011ல விட்ட ஸ்கைரிம்ல காம்பஸ்ல அம்பு இருக்கு. அம்பு இருக்கிறதால பல மிஷன்ல வழியை யாருமே வாயால சொல்றதில்ல. அங்க மார்க்கரை அணைச்சீங்கன்னா எந்தக் குகைன்னு கண்டுபிடிக்க வழியே இருக்காது. ஆக, ஸ்கைரிம்ல மார்க்கரை அப்படியே வச்சிட்டு மத்ததைக் குறைங்க. டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல ஹட் எவ்வளவு அழுத்தமாத் தெரியணும்னு வைக்கிற ஹட் ஒபாசிட்டின்னு ஒரு ஸ்லைடர் இருக்கு, அதைப் பாதிக்குக் கீழ இறக்கினாலே படம் எவ்வளவோ தெளிஞ்சிடும்.

சரி, எந்த வரிசையில அணைக்கிறது? முதல்ல மினிமேப். யோசிக்கவே வேணாம். மினிமேப் இருக்கிற வரைக்கும் கண்ணு அந்த மூலையிலதான் கிடக்கும். ஊரு, ஆறு, மலைன்னு மாசக்கணக்கா உக்காந்து செஞ்சு வச்சிருப்பான், நாம பாக்குறது ஒரு சின்ன வட்டத்துல ஓடுற கோட்டை. மினிமேப் போனதும் அந்த வழிக்கோடும் சேர்ந்து போயிடும். சில கேம்ல ரோட்டு மேலயே கோடு வரும், அதைத் தனியா ஆஃப் பண்ணணும். அதோட ரெண்டு மூணு நாள் ஆடுங்க. அப்புறம் அடிச்சா பறக்குற நம்பர், எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) அறிவிப்பு, எதிரி தலைக்கு மேல இருக்கிற லெவல். கடைசியாத்தான் மிஷன் மார்க்கர்.

விட்டு வைக்க வேண்டியது: சப்டைட்டில், "இந்த பட்டனை அழுத்து"ன்னு வர்ற குறிப்பு, சண்டையில ஹெல்த், கிராஸ்ஹேர் (திரை நடுவுல நிக்கிற குறிப் புள்ளி). கிராஸ்ஹேரை அணைச்சாத்தான் ரியலா இருக்கும்னு சொல்றவங்க இருக்காங்க. நான் ஒத்துக்க மாட்டேன். நிஜத்துல வில்லைப் பிடிச்சா கை சொல்லும் எங்க குறின்னு; கன்ட்ரோலர்ல அந்த உணர்வு வராது, அதுக்கு பதிலாத்தான் அந்தப் புள்ளி. கேமரா வேகமா சுத்தும்போது சிலருக்குத் தலை சுத்தும், குமட்டும். நடுவுல அசையாம ஒரு புள்ளி இருந்தா அவங்களுக்கு அது குறையும். டாட் சைஸைச் சின்னதாக்குற ஆப்ஷன் இருந்தா சின்னதாக்கிக்கங்க, எடுக்காதீங்க.

கேமுக்குள்ள போறதுக்கு முன்னாடி வெளிய சில வேலை இருக்கு. பிசியில கேம் ஓட்டுற ஸ்டீம் ஆப்ல, நொடிக்கு எத்தனை ஃப்ரேம்னு காட்டுற எஃப்பிஎஸ் கவுண்டர் ஓடுதான்னு பாருங்க, அதையும் எடுங்க. எல்லாத்தையும் அணைச்சிட்டு மூலையில 58, 60, 57ன்னு ஓடிட்டு இருந்தா கண்ணு அங்கதான் போகும். கன்சோல்ல டிராஃபி, நண்பர் ஆன்லைன் அறிவிப்பை நிறுத்துங்க. அடுத்தது சத்தம். ஹட் போச்சுன்னா பாதி தகவல் காது வழியாத்தான் வரும், அதனால டிவி ஸ்பீக்கர் பத்தாது. மின்விசிறி ஓடுற ரூம்ல காலடிச் சத்தம் கேக்கவே கேக்காது. சாதாரண ஸ்டீரியோ ஹெட்ஃபோனே போதும், ஆனா கேம் ஆடியோ செட்டிங்ஸ்ல அவுட்புட்டை ஹெட்ஃபோன்னு மாத்துங்க, மியூசிக்கைப் பாதியாக் குறைங்க. கோஸ்ட் ஆஃப் சுஷிமால வில்லாளி அம்பு விடுறதுக்கு முன்னாடி கத்துவான். அந்தச் சத்தம் காதுல விழுந்தா எச்சரிக்கைக் குறியே தேவையில்ல. ஓஎல்இடி டிவி வச்சிருக்கவங்களுக்கு இன்னொரு லாபம்: ஒரே இடத்துல மணிக்கணக்கா நிக்கிற மினிமேப்பு, பாருதான் அந்தத் திரையில தழும்பு விழ வைக்கும். அது குறையும்.

இப்ப முக்கியமான விஷயம். மேப் இல்லாம வழி கண்டுபிடிக்கிறது.

இந்தக் கிளிப்பைப் பாருங்க. பாம்பன் பக்கம் படகுல இருந்து எடுத்தது. நம்ம கடல்காரங்க கரையில ரெண்டு அடையாளம் வச்சுக்குவாங்க. கிட்ட ஒண்ணு, அதுக்குப் பின்னாடி தூரத்துல ஒண்ணு. லைட் ஹவுஸா இருக்கலாம், கோயில் கோபுரமா இருக்கலாம், 300 மீட்டருக்கு மேல நிக்கிற ராமேஸ்வரம் டிவி டவரா இருக்கலாம். ரெண்டும் ஒண்ணுக்கு நேர் ஒண்ணு நின்னா, படகு அந்தக் கோட்டுல இருக்குன்னு அர்த்தம். இப்பக் கவனிங்க, பின்னாடி இருக்கிற அடையாளம் மெதுவா வலப்பக்கம் நகருது பாத்தீங்களா? படகு வலப்பக்கம் ஒதுங்கிடுச்சு. இடப்பக்கம் வளைச்சா திரும்ப ரெண்டும் ஒண்ணாகும். பின்னாடி உள்ளது எந்தப் பக்கம் விலகுதோ அந்தப் பக்கம் நாம விலகிட்டோம், அவ்வளவுதான் விதி. இதே மாதிரி வேற திசையில இன்னொரு ஜோடி பிடிச்சா, ரெண்டு கோடும் வெட்டுற இடம்தான் நாம இருக்கிற இடம்.

இது கேம்ல அப்படியே வேலை செய்யும். ஏன்னா 3டி உலகத்துல தூரத்துல உள்ளது, கிட்ட உள்ளது நகர்ற விதம் நிஜத்துல மாதிரியேதான். ஜிடிஏ 5 எல்லார்கிட்டயும் இருக்கு, அதுல பழகுங்க. டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல ரேடாரை, அதாவது மினிமேப்பை, ஆஃப் பண்ணுங்க. நகரத்துலயே உயரமான கட்டடம் மேஸ் பேங்க் டவர். அதுக்கு வடக்கே வைன்வுட் மலை. டவர் முன்னாடியும் மலை பின்னாடியும் தெரிஞ்சா, நீங்க நகரத்துக்குத் தெற்கே நின்னு வடக்கே பாத்துட்டு இருக்கீங்க. மேற்கேயும் தெற்கேயும் கடல். வடகோடியில சிலியாட் மலை. இந்த நாலு விஷயம் மனசுல இருந்தா லாஸ் சான்டோஸ்ல தொலையவே மாட்டீங்க. போலீஸ் துரத்தும்போது மட்டும் ரேடார் இல்லாம கஷ்டம், அவங்க பார்வை எந்தப் பக்கம்னு அதுலதான் தெரியும். அந்த நேரத்துக்கு ஆன் பண்ணிக்கிறதுல தப்பில்ல.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். 2018ல கன்சோல்ல, 2019ல பிசியில வந்தது. செட்டிங்ஸுக்குள்ளயே போக வேணாம். கன்ட்ரோலர்ல டி-பேட்ல (திசை பட்டன்ல) கீழ் பட்டனை அழுத்திப் பிடிங்க, பிசியில ஆல்ட். ரேடார் நாலு வகை வரும்: சாதாரணம், பெருசு, காம்பஸ் மட்டும், ஆஃப். அதே பட்டனை லேசா ஒரு தட்டு தட்டினா நேரம், வெப்பநிலை காட்டும்.

இப்ப திரையில பாருங்க, ஹார்ஸ்ஷூ ஓவர்லுக் முகாம். ரேடார் ஆஃப். வேலன்டைன் போகணும். மேப்பை ஒரு தடவை திறந்து பாத்துக்கங்க: வேலன்டைன் இங்க இருந்து வடகிழக்கு, டகோட்டா ஆறு நமக்கு மேற்கே. மூடிடுங்க. மேப்ல போற இடத்துக்கு வே பாயிண்ட் குறி வைக்காதீங்க, வச்சா நம்மளை அறியாம மனசு அதைத் தேடும். காலை நேரம், சூரியன் கிழக்க இருக்கு. வடகிழக்கே போறோம்னா சூரியன் நமக்கு முன்னாடி வலப்பக்கமா இருக்கணும். முதுகுக்குப் பின்னாடி வந்துடுச்சுன்னா ஆத்துப் பக்கம் திரும்பிட்டோம். ரோட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு முக்குலயும் குதிரையை நிறுத்துங்க. மரப்பலகையில ஊர்ப் பேரு எழுதியிருக்கும், கிட்டப் போயி படிங்க. ரயில் தண்டவாளம் கிடைச்சா அதுவும் நல்ல வழிதான், வேலன்டைன்ல ஸ்டேஷன் இருக்கு. போற வழியில பின்னாடி திரும்பி ஒரு தடவை பாருங்க. இது ரொம்ப முக்கியம். போகும்போது தெரியுற பாதையும் வரும்போது தெரியுற பாதையும் ஒண்ணா இருக்காது. திரும்பி வரும்போது வழி தவறுறவங்க முக்காவாசிப் பேர் இதைச் செய்யாதவங்கதான்.

ராத்திரியிலயும் மழையிலயும் இந்த முறை பத்தாது. சூரியன் இல்ல, தூரத்து மலை இல்ல. அப்ப ரோட்டை விட்டு இறங்காதீங்க, இல்லாட்டி முகாம் போட்டு விடியட்டும்னு தூங்குங்க.

மிஷன்ல ஆஃப் வேணாம், காம்பஸுக்கு மாத்துங்க. ஏன்னா சில மிஷன்ல கூட வர்ற ஆளை விட்டு விலகினாலே தோத்துடும், எதிரி மரத்துக்குப் பின்னாடி இருந்தா சிவப்புப் புள்ளிதான் ஒரே துப்பு. சும்மா சுத்தும்போது ஆஃப், மிஷன்ல காம்பஸ். ஒரு பட்டன்தானே.

கோஸ்ட் ஆஃப் சுஷிமால மினிமேப்பே கிடையாது. 2020ல பிஎஸ்4ல வந்தது, பிசிக்கு 2024ல. டச்பேடை மேல தேய்ச்சா காத்து அடிக்கும், புல்லு, இலை எல்லாம் சாயும். நம்ம கடற்கரையில காத்து எங்க இருந்து அடிக்குதுன்னுதான் முதல்ல பாப்போம். இங்க அது எங்க போகுதுன்னு பாக்கணும், காத்தை முதுகுல வாங்கிட்டுப் போனா இலக்கு. மஞ்சப் பறவை வந்தா பின்னாடி போங்க, இன்னும் பாக்காத இடத்துக்குக் கூட்டிட்டுப் போகும். நரி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகும். செட்டிங்ஸ்ல எக்ஸ்பர்ட் ஹட்னு ஒண்ணு இருக்கு, அதைத் தைரியமா ஆன் பண்ணலாம்.

செல்டா, ப்ரெத் ஆஃப் தி வைல்டுல ஹட்டை ப்ரோன்னு மாத்துங்க. மினிமேப், வெப்பநிலை, சத்த அளவு எல்லாம் போயி இதயம் மட்டும் நிக்கும். குளிர் வந்தா நாம ஆடுற ஹீரோ லிங்க் நடுங்குவான், சூடு வந்தா வேர்த்து ஊத்தும், அதைப் பாத்து உடுப்பை மாத்துங்க. உயரமான டவர்ல ஏறி, ஸ்கோப்ல பாத்து குறி வைக்கலாம். மொத்தம் 5 குறிதான், அதனால பழசை அழிச்சிட்டே வாங்க.

விட்சர் 3ல 2022 டிசம்பர் அப்டேட்டுக்கு அப்புறம், சண்டையிலயும், துப்பைக் காட்டுற விட்சர் சென்ஸ் பட்டனைப் பிடிக்கும்போதும் மட்டும் மினிமேப் வர்ற மாதிரி வைக்கலாம். அதுதான் அந்தக் கேமுக்குச் சரி, முழுசா அணைச்சா துப்பு தேடுற மிஷன்ல சிக்கிக்குவீங்க. அசாசின்ஸ் கிரீட் ஒடிஸில ஆரம்பத்துல கேக்கும்போது எக்ஸ்ப்ளொரேஷன் மோடு எடுங்க; எந்த நாடு, எந்த ஊருக்கு எந்தப் பக்கம்னு குறிப்பு தருவான், கிட்டப் போயி கழுகை விட்டுத் தேடணும். எல்டன் ரிங்ல ஹட்டை ஆட்டோல வச்சா தேவைப்படும்போது மட்டும் வரும், வேலை முடிஞ்சது.

பிசியும் இல்ல கன்சோலும் இல்ல, போன்தான்னு சொல்ற தம்பிகளுக்கு மைன்கிராஃப்ட். நிக்கிற இடத்தை நம்பர்ல காட்டுற கோஆர்டினேட்டை ஆஃப் பண்ணுங்க. சூரியன், நிலா ரெண்டும் கிழக்க உதிக்கும். மேகம் எப்பவும் மேற்கு நோக்கித்தான் போகும். சூரியகாந்திப் பூ எப்பவும் கிழக்கைத்தான் பாக்கும், சூரியன் எங்க இருந்தாலும். அதனால வீட்டு வாசல்ல ஒரு சூரியகாந்தி நட்டு வைங்க. காம்பஸ் செஞ்சா அது வடக்கைக் காட்டாது, உலகத்தோட ஸ்பான் இடத்தை, அதாவது ஆட்டம் ஆரம்பிக்கிற இடத்தைத்தான் காட்டும், அதை வடக்குன்னு நினைச்சு நடந்து தொலைஞ்சிடாதீங்க. ஹட் முழுசா மறைக்கிற ஆப்ஷன் வீடியோ செட்டிங்ஸ்ல இருக்கு, ஆனா பசியும் தெரியாது, கையில என்ன இருக்குன்னும் தெரியாது. அது படம் எடுக்கிறதுக்கு மட்டும்.

இதெல்லாம் பழகினவங்க கிங்டம் கம் டெலிவரன்ஸ் ஹார்ட்கோர் மோடுக்குப் போகலாம். 1403ல பொஹீமியால நடக்குற கதை. மேப் இருக்கும், ஆனா நீங்க எங்க நிக்கிறீங்கன்னு காட்டாது, மேப்ல தொட்டதும் நேரா அங்க போற ஃபாஸ்ட் டிராவலும் கிடையாது. சிலுவை, ஆத்துப் பாலம், ரோடு பிரியுற இடம் இதையெல்லாம் மேப்போட பொருத்திப் பாத்துத்தான் நகரணும். முதல் தடவை ஆடுறவங்க சாதாரண மோடுல ரட்டாய் ஊரைச் சுத்தி இருக்கிற ரோடெல்லாம் பழகிட்டு அப்புறம் ஹார்ட்கோர் தொடங்குங்க. நீங்க எந்தக் கேம்ல எதை அணைச்சீங்க, எங்க சிக்கினீங்கன்னு எழுதுங்க, ஒவ்வொண்ணுக்கும் செட்டிங்ஸ் பாத்துப் பதில் போடுறேன்.