கொரோனா எல்லாரையும்தானே பாதித்தது, ரோமா மக்களை மட்டும் ஏன் தனியாகச் சொல்கிறீர்கள்?

அடுத்த கேள்வி. இந்தியாவிலிருந்து போன முன்னோர்களின் வழிவந்து, ஐரோப்பிய நாடுகளில் சிறுபான்மையாக வாழும் ரோமா மக்களைப் பற்றிப் போன வீடியோவில் பேசியிருந்தேன். அதற்கு ஒருவர் கேட்கிறார்: "கொரோனா எல்லாரையும்தானே பாடாய்ப் படுத்தியது, இவர்களுக்கு மட்டும் தனியாக என்ன வந்தது?"

நியாயமான கேள்விதான். கிருமி ஆள் பார்த்து வரவில்லை, சரி. ஊரடங்கை அப்படிச் சொல்ல முடியாது.

2020 ஏப்ரலில், கிழக்கு ஸ்லோவாக்கியாவில் ஐந்து ரோமா குடியிருப்புகளைப் போலீசும் ராணுவமும் சுற்றி நின்று அடைத்தார்கள். சோதனையில் தொற்று இருந்தது சிலருக்குத்தான். உள்ளே மாட்டிக்கொண்டதோ 6,000 பேருக்கு மேல். பல்கேரியாவில் யம்போல் என்று ஓர் ஊர். அங்கே மே மாதம் ரோமா பகுதி மேல் ஹெலிகாப்டரில் பறந்து 3,000 லிட்டர் அளவுக்குக் கிருமிநாசினி தெளித்தார்கள், வயலுக்குப் பூச்சிமருந்து அடிக்கிற மாதிரி. கீழே ஆட்கள் குடியிருக்கிறார்கள்!

அப்புறம் பிழைப்பு. பழைய இரும்பு பொறுக்கி எடைக்குப் போடுவது, சந்தையில் துணி விற்பது, கல்யாணத்தில் வாத்தியம் வாசிப்பது, அறுவடைக்குக் கூலியாகப் போவது என்று பலருக்கும் அன்றன்றைக்குக் கிடைக்கும் காசுதான். சந்தையை மூடினார்கள், கல்யாணங்கள் நின்றன. வேலை நின்றவர்களுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கை அரசுகள் கொடுத்தது உண்மை. ஆனால் அதற்கு வேலை ஒப்பந்தம் என்று ஒரு தாள் வேண்டும். பழைய இரும்புக் கடைக்காரர் யாருக்கு அந்தத் தாளை எழுதிக் கொடுத்தார்?

"அடிக்கடி கை கழுவுங்கள்" என்றார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை, ஒன்பது நாடுகளில் ஆய்வு நடத்தி 2016-ல் வெளியிட்ட கணக்குப்படி, ரோமாக்களில் 30 சதவீதம் பேரின் வீட்டில் குழாய்த் தண்ணீர் கிடையாது. தெருக்கோடிக் குழாயில் குடத்தோடு வரிசையில் நிற்பவர் எத்தனை முறை கை கழுவுவார்? இடைவெளி விட்டு நிற்பதை விடுங்கள், ஓர் அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கிற வீட்டில் அது நடக்காது.

பள்ளிக்கூடம் ஆன்லைனுக்குப் போனதும் இன்னொரு சிக்கல் வந்தது. வீட்டுக்கு ஒரு போன் இருந்தாலே பெரிது. கூலி வேலைக்கு அப்பாவைக் கூப்பிடுவதும் அதில்தான், மூன்று பிள்ளைகளின் வகுப்பும் அதில்தான். அப்பா போனை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டால் அன்றைக்கு வகுப்பு இல்லை.

சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.