குடிக்காதே என்று சொன்னால் போதுமா?

(பொதுச் சுகாதார மாணவர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

சாலைப் பாதுகாப்பைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டு இறங்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். நீங்களும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவீர்கள், ஒன்றும் மாறாது. அதனால் இன்று அமெரிக்காவின் தென்மேற்கே, அரிசோனா, நியூ மெக்சிகோ பக்கம் போய் வரலாம் என்று நினைக்கிறேன். நவஹோ, அப்பாச்சி முதலான பழங்குடி மக்களின் நிலம் அங்கே இருக்கிறது. நவஹோ நிலம் மட்டும் தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேல். ஊருக்கும் ஊருக்கும் இடையே வெட்டவெளி, இருவழிச் சாலை, இரவில் குறுக்கே வரும் மாடும் குதிரையும். அமெரிக்காவில் வாகன விபத்தில் இறப்போர் விகிதம் பழங்குடி மக்களிடையேதான் மிக அதிகம்.

இதைச் சொன்னவுடன், “அவர்கள் குடிகாரர்கள், அதுதான் காரணம்” என்று ஒருவர் எழுந்து சொல்வார். அமெரிக்கர்களே இருநூறு ஆண்டுகளாக இப்படித்தான் சொல்லி வந்தார்கள். பழங்குடியினரின் உடம்புக்கே மது ஆகாது, பிறவியிலேயே அப்படி என்று ஒரு கதை உண்டு. அதற்கு அறிவியல் சான்று கிடையாது. அந்த மக்களில் மதுவைத் தொடாதவர்கள் கணிசமானவர்கள் என்றே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இருந்தும், பழங்குடியினருக்கு மது விற்கக் கூடாது என்ற மத்திய அரசின் தடை 1832 தொடங்கி 1953 வரை நீடித்தது. 1953க்குப் பிறகு அந்த முடிவு அந்தந்தப் பழங்குடியினரின் சொந்த ஆட்சி மன்றத்தின் கைக்கு வந்தது. நவஹோ மக்கள் தங்கள் நிலத்தில் மதுவிலக்கைத் தொடர்ந்தார்கள். தெற்கு டகோட்டாவில், பைன் ரிட்ஜ் பகுதியின் லகோட்டா மக்களும் அப்படியே.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தன் ஊரில் கடை இல்லாதவன் குடிப்பதை விட்டுவிடுவதில்லை, வண்டியை எடுக்கிறான். எல்லைக்கு அப்பால் போய்க் குடிக்கிறான், குடித்தபின் அதே சாலையில்தான் திரும்பியாக வேண்டும். பஸ் கிடைப்பது அரிது, ஆட்டோ கிடையாது. மதுவிலக்கு நல்ல எண்ணத்தில் வந்ததுதான். ஆனால் போதையோடு ஓட்டும் தூரத்தை அது கூட்டிவிட்டது என்பதை மதுவிலக்கின் அன்பர்கள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒயிட்கிளே என்று ஒரு குக்கிராமம். குடியிருந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். பீர்க்கடைகள் நான்கு. ஆண்டுக்கு 35 லட்சத்துக்குக் குறையாத கேன்கள் அங்கே விற்றன. பத்துப் பேர் குடித்தா இத்தனை தீர்ந்தது? கூப்பிடு தூரத்தில் பைன் ரிட்ஜ் எல்லை. நியூ மெக்சிகோவின் கேலப் நகரமும் நவஹோ நிலத்துக்கு அப்படி அண்டை ஊர்தான். அங்கே காரைவிட்டு இறங்காமலே ஜன்னல் வழியாகப் பாட்டிலை வாங்கிக்கொண்டு போகும் கடைகள் இருந்தன. ஓட்டுநர் இருக்கையில் இருப்பவன் கையிலேயே மதுவைக் கொடுத்துவிட்டு, குடித்து ஓட்டாதே என்று பலகை வைப்பதை என்னவென்று சொல்வது! 1989இல் கேலப் நகர மேயரும் மக்களும் இதை எதிர்த்துத் மாநிலத் தலைநகர் சான்டா ஃபே வரை, ஏறத்தாழ 320 கிலோமீட்டர், நடந்தே போனார்கள். அந்த ஜன்னல்கள் முதலில் அவர்களுடைய மாவட்டத்தில் மூடப்பட்டன. 1998இல் மாநிலம் முழுவதும் மூடப்பட்டன. ஒயிட்கிளே கடைகளுக்கு உரிமம் தர மாநில மது ஆணையம் மறுத்தது 2017 ஏப்ரலில்.

அந்த 2017 ஏப்ரல் நமக்கும் நினைவிருக்கும். தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நடைமுறைக்கு வந்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்ட மாதம் அது. பிறகு நகர எல்லைக்குள் விலக்கு வந்தது, கடைகள் வேறு இடம் தேடின. அது தனிக் கதை, இன்று வேண்டாம்.

கடையைப் பற்றிச் சொன்னேன், இனிச் சட்டம். பழங்குடி நிலத்தில், அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் மீது மாநிலப் போக்குவரத்துச் சட்டம் பொதுவாகச் செல்லாது. அவர்களுடைய மன்றம் இயற்றும் சட்டம்தான் சட்டம். பலர் இதைக் குறையாகப் பார்க்கிறார்கள். அதையே நவஹோ மக்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள். 1988இல் சீட் பெல்ட் சட்டம் கொண்டுவந்தார்கள். பெல்ட் போடவில்லை என்ற ஒரே காரணத்துக்காக வண்டியை நிறுத்தலாம் என்பது அதன் உயிர். அரிசோனா மாநிலச் சட்டம் அப்படியில்லை. வேறு குற்றத்துக்காக நிறுத்தினால்தான், போகிற போக்கில் பெல்ட்டையும் கேட்கலாம். இன்றும் அந்த மாநிலத்தில் அப்படித்தான். பின்தங்கியவர்கள் என்று மற்றவர்கள் நினைத்த மக்கள், மாநிலம் இன்னும் எட்டாத சட்டத்தை 1988லேயே இயற்றினார்கள். அப்போது நவஹோ நிலத்தில் பெல்ட் போட்டவர்கள் நூற்றுக்குப் 14 பேர். சில ஆண்டுகளில் அது 60 ஆனது. வாகன விபத்துக் காயத்துக்காக மருத்துவமனையில் சேர்வது கால் பங்குக்கு மேல் குறைந்தது.

குடியைப் பேச வந்தவன் பெல்ட்டுக்குத் தாவிவிட்டானே என்று நினைக்க வேண்டாம். குடிப்பவன் எத்தனை சட்டம் போட்டாலும் ஒருநாள் குடிப்பான். அவன் பக்கத்தில் மனைவி இருப்பாள், பின்னால் குழந்தை இருக்கும், பிக்கப் வண்டியின் திறந்த பின்பகுதியில் நாலு பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். வண்டி உருண்டால் முதலில் தூக்கி எறியப்படுவது இவர்கள்தான். குடித்தவன் திருந்தும்வரை இவர்கள் உயிரோடு இருக்க வேண்டாமா?

இனி அரிசோனாவின் சான் கார்லோஸ் அப்பாச்சி மக்கள். 2004இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் நான்கு பழங்குடிச் சமூகங்களுக்கு விபத்துத் தடுப்புக்கு நிதி கொடுத்தது. அதில் இவர்களும் ஒருவர். ரத்தத்தில் அனுமதிக்கப்பட்ட மது அளவை அவர்களுடைய மன்றம் 0.10 சதவீதத்திலிருந்து 0.08க்குக் குறைத்தது. 0.08 என்றால் 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம். நம் நாட்டுச் சட்டம் 30தான் அனுமதிக்கிறது. தாளில் நாம்தான் கண்டிப்பானவர்கள்!

சட்டத்தைச் சாலைக்குக் கொண்டுவந்தது இரவுச் சோதனைகள். முன்கூட்டியே ஊருக்குச் சொல்லிவிடுவார்கள், ஒளித்து வைப்பதில்லை. பிடிபடுவோம் என்ற பயம் பரவுவதே நோக்கம். விளக்கும் கூம்பும் வைத்து, வண்டிகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிறார்கள். போலீஸ்காரர் ஜன்னலில் குனிந்து இரண்டு வார்த்தை பேசுகிறார். நாக்குக் குழறினாலோ வாடை வந்தாலோ கீழே இறங்கச் சொல்கிறார். பேனாவைக் கண்ணெதிரே மெல்ல நகர்த்துகிறார். போதையில் இருப்பவன் விழி வழுக்கிச் செல்லாமல் துள்ளித் துள்ளிப் போகும், அதை அவனால் அடக்க முடியாது. பிறகு ஒரே கோட்டில், குதிகாலும் கால்விரலும் முட்டும்படி ஒன்பது காலடி, திரும்பி ஒன்பது காலடி. அடுத்து ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். கடைசியில் மூச்சில் மதுவை அளக்கும் கருவி.

அந்த ஆண்டுகளில் குடித்து ஓட்டியதற்கான கைதுகள் கூடின. பத்திரிகைக்காரர் ஒருவர் இதைப் பார்த்தால் ‘குற்றம் பெருகியது’ என்று தலைப்புப் போடுவார். உண்மையில், முன்பு தப்பிப் போனவர்கள் இப்போது பிடிபட்டார்கள். பெல்ட் பழக்கம் ஏறியது, காயப்படுத்தும் விபத்துகள் இறங்கின.

இன்னொன்று. அரிசோனாவில் ஒயிட்ரிவர் என்பது ஒயிட் மவுண்டன் அப்பாச்சி மக்களின் ஊர். இரவில் சாலையோரம் நடந்து வீடு திரும்புபவர்கள் அடிபட்டுக்கொண்டே இருந்தார்கள். சுகாதாரத் துறையினர் விபத்து நடந்த இடங்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோது, 73ஆம் எண் நெடுஞ்சாலையின் ஒரு சிறு துண்டிலேயே அவை குவிந்திருந்தன. அங்கே தெருவிளக்கு போட்டார்கள், அடிபடுவது குறைந்தது. யாருக்கும் உபதேசம் செய்யவில்லை, யாரையும் கைது செய்யவில்லை. சுகாதார ஆய்வாளர் வேலைக்குப் போகப்போகிற உங்களிடம் இதைச் சொல்லாமல் போனால் நான் வந்ததற்குப் பலனில்லை.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பழங்குடி நிலத்தின் நடுவே கூட்டாட்சி நெடுஞ்சாலை போகிறது, வெளியாட்களும் குடித்துவிட்டு அதில் வருகிறார்கள். 1978 தீர்ப்பு ஒன்றின்படி, பழங்குடியினர் அல்லாதவரைப் பழங்குடி நீதிமன்றம் குற்ற வழக்கில் பொதுவாக விசாரிக்க முடியாது. அவரை நிறுத்திச் சோதிக்கவாவது முடியுமா என்பதில் கூடச் சந்தேகம் இருந்தது. முடியும், சிறிது நேரம் தடுத்தும் வைக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது 2021இல்தான். அதன்பிறகு அவரை மாநிலப் போலீஸிடமோ மத்தியப் போலீஸிடமோ ஒப்படைக்க வேண்டும். நள்ளிரவில், வெட்டவெளிச் சாலையில், அவர்கள் வந்து சேரும்வரை பழங்குடிக் காவலர் காத்திருக்கிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், நன்றி.