சொல்லில் வைக்கும் கண்ணி

பெருமதிப்புக்குரிய தலைமையாசிரியர் அம்மா அவர்களே, காட்டு வேலையை நிறுத்திவிட்டு முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் ஊராட்சித் தலைவர் ஐயா அவர்களே, கூலி வாங்காமல் ஒலிபெருக்கி கட்டிய மைக்செட் அண்ணன் அவர்களே, விவாதப் போட்டிக்குப் புறப்படும் பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கமுங்க.

தத்துவ வாதத்தில் எதிரணி வைக்கும் கண்ணிகள் இரண்டைச் சொல்கிறேன். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: பதறாத காரியம் சிதறாது.

முதலாவது சலம்: சொன்னவர் கருதாத பொருளை அவர் சொல்லில் ஏற்றி மறுப்பது. பழைய தர்க்க நூலான நியாய சூத்திரம் இதில் மூன்று வகை சொல்கிறது. உரைகாரர் வாத்சியாயனர் காட்டும் கம்பளிக் கதையைக் கேளுங்க. 'இந்தப் பையன் நவகம்பளக்காரன்' என்கிறான் ஒருவன். புதுக் கம்பளி போர்த்தியவன் என்பது அவன் கருத்து. எதிராளி விடுவானா? 'நவ என்றால் ஒன்பது. இவனிடம் இருப்பது ஒன்றுதானே!' நம்ம ஊர்க்காரனாக இருந்தால், நவதானியம், நவக்கிரகம் எல்லாம் எண்ணிக் காட்டி, 'மீதி எட்டையும் குன்னத்தூர்ச் சந்தையில வித்துப்போட்டயா?' என்றும் கேட்டிருப்பான். சபை சிரிக்கும். அந்தச் சிரிப்பில் பதறி, 'ஒன்பது இல்லைதான், ஆனாலும்...' என்று தொடங்கினீர்களோ, தொலைந்தீர்கள். நீங்கள் சொல்லாததை நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். பதறாத காரியம் சிதறாது. ஒரு மூச்சு விடுங்கள். 'நவ என்பதைப் புதிய என்ற பொருளில் சொன்னேன். ஒன்பது என்று நீங்கள் கொண்டதற்குக் காரணம் என்ன?' இவ்வளவுதான். உடனே உங்கள் வாதத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

அடுத்தது விதண்டை. தன் கட்சியை, அதாவது தன் நிலைப்பாட்டை, நாட்டாமல் உங்கள் கட்சியை மட்டும் இடிப்பது. 'உங்கள் கட்சி எது?' என்று நடுவர் காதில் விழக் கேளுங்கள். 'எனக்குக் கட்சியே இல்லை' என்று வெளிப்படையாகவே சொன்ன பௌத்தத் தத்துவ ஞானி நாகார்ச்சுனர் போன்றவரிடம் மட்டும் இது செல்லாது. அங்கே அவர் மறுப்புகளை ஒவ்வொன்றாகத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இந்த இரண்டையும் விட, ஊராட்சித் தலைவர் ஐயா இருக்கும்போதே கேட்க வேண்டியது ஒன்று உண்டு. பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்தில் பிறந்ததாகச் சொல்லப்படும் பவணந்தி முனிவர், நன்னூலில் எழுவகை மதம், அதாவது நூலாசிரியர் கைக்கொள்ளும் ஏழு கொள்கைகள், வகுத்தார். அதில் ஒன்று, 'பிறர்தம் மதமேற்கொண்டு களைவு'. எதிராளி சொன்னதை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு களைவது. இதைப் பழக்குவது எளிது: மறுக்க எழும் பிள்ளை முதல் 30 விநாடியில் எதிராளியின் கூற்றைத் தன் வாயால் சொல்லட்டும். அவர் 'ஆமாம், அதுதான்' என்ற பிறகே மறுக்கட்டும். வாரம் ஒரு மணி நேரம் போதும். அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் இது நடக்க வேண்டும். நம்ம ஊரில் தொடங்கட்டும். நூலகத்தின் பின்னறை சனிக்கிழமை பூட்டியே கிடக்கிறது. பத்து நாற்காலி, ஒரு கரும்பலகை, ஒரு கடிகாரம். சாவியை மட்டும் கொடுத்துவிடுங்க, ஐயா.