ஆறு ஆடுகளம், ஒரு பயிற்சியாளர்

வணக்கம் நேயர்களே. ரால்ஸ்டன் என்று ஒரு அமெரிக்க டென்னிஸ் ஆட்டக்காரர். 1960-இல், 17 வயதில், மெக்சிகோவின் ஒசுனாவோடு சேர்ந்து விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வாங்கியவர். 1966-இல் அதே விம்பிள்டனில் ஒற்றையர் இறுதிவரை போய் ஸ்பெயினின் சந்தானாவிடம் தோற்றார். 1972-இல் நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையில் அவர் தலைமையில் போன அமெரிக்க அணி, ருமேனியாவை அவர்கள் மண்ணிலேயே வென்றது. 1980-களில் டல்லஸில் ஒரு பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளர்.

இவ்வளவு ஆடியவருக்கும் கல்லூரி வேலை புதிதுதான். தான் ஆடும்போது கண் ஒரே பந்தில். பயிற்சியாளருக்கோ ஒரே நேரத்தில் ஆறு ஆடுகளம்.

அமெரிக்கக் கல்லூரி அணிகள் மோதும்போது இன்றைய கணக்கைச் சொல்கிறேன். முதலில் மூன்று இரட்டையர் ஆட்டம், ஆட்டத்துக்கு ஒரு செட். இரண்டை வென்ற அணிக்கு ஒரே ஒரு புள்ளி. பிறகு ஆறு ஒற்றையர், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மொத்தம் 7, நாலு எடுத்தவர் வென்றார். "ஒரு புள்ளிதானே" என்று இரட்டையரை அலட்சியம் செய்கிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வரும். அதை விட்டால் ஆறு ஒற்றையரில் நாலை வென்றாக வேண்டும். எடுத்தால் மூன்று போதும். மறுபடியும் சொல்கிறேன்: மூன்று போதும்!

அந்த இரட்டையர் புள்ளி யார் கையில் இருக்கிறது? சர்வ் போடுபவரின் கூட்டாளியாக நெட் அருகே நிற்பவரிடம். அவர் முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அது கூட்டாளிக்குச் சைகை. விரித்த கை என்றால், எதிராளி திருப்பி அடிக்கும் பந்தைப் பிடிக்கக் குறுக்கே பாய்வேன். மூடிய முஷ்டி என்றால் நிற்பேன். பாய்வதானால் கூட்டாளி சர்வை நடுக்கோட்டை ஒட்டிப் போட வேண்டும்; எதிராளிக்குக் கோணம் கிடைக்காது. அகலமாகப் போட்டுவிட்டால் பக்கவாட்டுக் கோட்டோரம் வாசல் திறந்துவிடும். பாயும் நேரமும் முக்கியம். எதிராளி பந்தை அடிக்கத் தலை தாழ்த்தும் கணத்தில் கால் நகர வேண்டும். அரை நொடி முந்தினால் அவர் பார்த்துவிடுவார், பந்து நீங்கள் விட்டுவந்த இடத்துக்கே போகும். இளையவர்கள் பெரும்பாலும் முந்துவார்கள், பயம்தான் காரணம். திருத்த எளிய வழி, பயிற்சியில் பாய்ந்து தோற்ற புள்ளியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது.

கல்லூரி ஆட்டத்தில் ஒரு கேம் 40-40 என்று சமமானால், அடுத்த ஒரே புள்ளியில் அது முடியும். எந்தப் பக்கம் சர்வ் வாங்குவது என்பது வாங்குபவர் விருப்பம். இதை முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

ஆட்களைச் சேர்ப்பது, படிப்பைக் கவனிப்பது, வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்ற விதி... எல்லாம் சொல்ல நினைத்தேன். கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். வணக்கம்.